பெனால்டிக்கு முன் கடைசி பஸ்

எங்கள் ஊரைப் பெரிய ஊர் என்று சொன்னால் பெரிய ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சின்ன ஊர் என்று சொன்னால் எங்கள் மேயருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். நடுவாந்தரமான ஊர். இரண்டு ஆஸ்பத்திரி, ஒரு கல்லூரி, மழை பெய்தால் குளமாகிற ஒரு மைதானம், ஏழு நடைமேடை வைத்த ஒரு பஸ் நிலையம். அந்த பஸ் நிலையத்தில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒரு குரல் கேட்குமே, அது நான்தான். முகத்தைப் பார்த்தால் ஒருத்தருக்கும் தெரியாது. கடையில் நின்று "அரைக் கிலோ சர்க்கரை" என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராகிவிடுவார்.

இந்த ஊருக்குத்தான் திடீரென்று ஒரு கால்பந்து டீம் வேண்டுமாம். தெருவில் உதைக்கிற டீம் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு உதைக்கிற டீம். நாட்டின் பெரிய லீக்கில் ஆடுகிற டீம்.

ஆசை முதலில் சிமெண்டுக்காரருக்குத்தான் வந்தது. ஊரில் பாதி வீடு அவர் விற்ற சிமெண்டில் நிற்கிறது, மீதிப் பாதி அதனால்தான் விரிசல் விட்டிருக்கிறது என்பார்கள். எனக்கென்ன தெரியும், எங்களுடையது வாடகை வீடு. அவர் போய் மேயரிடம் சொன்னார். மேயருக்குப் புது யோசனை கிடைத்தால் கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை கிடைத்த மாதிரி, உடனே எடுத்து ஆட்டிப் பார்த்துவிட வேண்டும். கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியரைக் கூப்பிட்டு, இந்த ஊர் ஒரு டீமைத் தாங்குமா என்று ஆராயச் சொன்னார். பேராசிரியர் வீடு வீடாக மாணவர்களை அனுப்பி, "டீம் வந்தால் பார்ப்பீர்களா?" என்று கேட்கச் சொன்னார். யார்தான் மாட்டேன் என்பார்கள்? யானை வந்தால் பார்ப்பீர்களா என்று கேட்டாலும் பார்ப்போம் என்றுதான் சொல்வார்கள். யானைக்குத் தீனி யார் போடுவது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஊர் தாங்கும் என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சிமெண்டுக்காரர் அன்றைக்கே டீமின் பெயரையும் தன் கடைப் பெயரையும் சேர்த்துப் போட்டு மூட்டை மூட்டையாகக் கழுத்துத் துண்டு நெய்யக் கொடுத்தார். பெண் பார்க்கவே போகவில்லை, அதற்குள் தொட்டில் வாங்கியாகிவிட்டது.

இதில் எனக்கு என்ன வந்தது என்கிறீர்களா? சொல்கிறேன். அதே மாதத்தில் எங்கள் நிலைய மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை.

"அறிவிப்புக்கு மெஷின் வருதும்மா," என்றார். "குரல் எல்லாம் உள்ளயே பதிஞ்சிருக்காம். நேரம் வந்தா அதுவே பேசிடும்."

"என் குரலுக்கு என்ன சார் குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணும் இல்ல. மெஷினுக்கு இருமல் வராது, லீவு கேக்காது."

"பஸ் லேட்டானா அதுக்கு யார் சொல்வா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "உங்களைக் காணாமப் போன பொருள் அறைக்கு மாத்திருக்கு. உக்காந்த வேலை. நிம்மதியா இருக்கலாம்."

நிலையத்தின் மூலையில் இருக்கிற அறை அது. குடை, ஒற்றைச் செருப்பு, மூடி இல்லாத சாப்பாட்டு டப்பா, நடுவில் நான். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கடைசி பஸ் அவருடையது. மனிதர் பேசுவதற்குக் கூலி கேட்கிற ரகம். நான் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, "குடும்பம் ஓடும்," என்றார். குடும்பம் ஓடுமா என்றா நான் அழுதேன்? என் தொண்டையைப் பிடுங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டப் போகிறார்களே என்று அழுதேன்.

அந்த நேரம் பார்த்து லீக்கிலிருந்து கடிதம் வந்தது. ஓர் அதிகாரி வருவாராம். ஒரு சோதனை ஆட்டம் வைக்க வேண்டுமாம். கூட்டம் வருகிறதா, வந்த கூட்டம் உட்காருகிறதா என்று அவர் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னால்தான் டீமாம். மைதானத்தில் மைக் பிடிக்க ஆள் வேண்டும். எப்படியும் மெஷின் வரப்போகிறதே என்று மேலாளர் என்னை ஓசியில் தூக்கிக் கொடுத்தார். சிமெண்டுக்காரர் என்னை ஒரு வரி பேசச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தொடையைத் தட்டினார்.

"அடேங்கப்பா! இது கேட்ட குரலா இருக்கே!"

"பஸ் நிலையத்துல கேட்டிருப்பீங்க சார்."

"நான் எங்கம்மா பஸ்ல போறேன்! சரி, டீம் மட்டும் வரட்டும். மைக் உங்களுக்குத்தான். காலம் பூரா. நான் வாக்கு குடுத்துட்டேன்."

அன்றிலிருந்து இந்த ஊரில் டீம் வர வேண்டும் என்று என்னைப் போல ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனாலும் டீம் வந்தே தீர வேண்டும் என்று படுத்தாலும் எழுந்தாலும் அதே நினைப்பு.

கூட்டம் சேர்க்கிற பொறுப்பை மேயர் எடுத்துக்கொண்டார். மைதானம் ஊருக்கு வெளியே, பழைய செங்கல் சூளையைத் தாண்டி இருக்கிறது. நடந்து போகிற தூரம் இல்லை. அதனால் ஆட்டத்தன்று சாயங்காலம் எல்லாப் பேட்டைகளிலிருந்தும் இலவச பஸ் விட்டார். அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. குழந்தைகள், கைத்தடி பிடித்தவர்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், ஆஸ்பத்திரிச் சமையல்காரர்கள், முடிவெட்டுகிறவரும் பாதி வெட்டிய ஆளும். வாசலில் ஆளுக்கு ஒரு கழுத்துத் துண்டு. என் நாத்தனார் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்து, நான் இருந்த மைக் கூண்டுக்கு நேர் கீழே இடம் பிடித்தாள். நான் சீக்கிரம் மூலையில் உட்காரப் போவதைச் சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கிச் சொன்னவள் அவள்தான். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் பல்லைக் காட்டினேன்.

லீக் அதிகாரி மெலிந்த மனிதர். அவருக்கு என் கூண்டிலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் செய்த முதல் வேலை, நாற்காலியைத் திருப்பி மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததுதான். "பந்து எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதாம்மா உருளும்," என்றார். "நான் பாக்க வந்தது இவங்களை." கூட்டத்தைக் காட்டினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் நாலு வார்த்தை என்று மேயர் மைக்கை வாங்கினார். மேயர் பேசினால் துணை மேயர் பேசாமல் இருப்பாரா? அப்புறம் பேராசிரியர் வந்து, ஊர் தாங்கும் என்பதை மறுபடி ஒருமுறை தாங்கிப் பேசினார். கடைசியாக சிமெண்டுக்காரர். தான் சின்ன வயதில் பழந்துணிப் பந்து உதைத்ததில் ஆரம்பித்தார். அவருடைய சின்ன வயது முடியவே இல்லை. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடு மைதானத்தில் நின்றபடியே இருட்டிவிட்டது. ஆட்டம் ஆரம்பித்தபோது, நியாயப்படி முதல் பாதி முடிந்திருக்க வேண்டிய நேரம்.

வெளியூரிலிருந்து வந்த சம்பள டீம் ஒரு பக்கம். எங்கள் ஊர்ப் பையன்கள் மறுபக்கம். கோல்கீப்பர் பேக்கரி வைத்திருப்பவர். முன்னால் ஓடுகிறவர் எங்கள் பேட்டைத் தபால்காரர். எனக்கு ஆட்டம் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? தெரிந்த பாஷையில்தானே பேச முடியும்? பந்து கிளம்பியதும் என் வாய் அதன் வழக்கப்படி கிளம்பியது.

"ரசிகர்களின் கனிவான கவனத்திற்கு. நீலச்சட்டை ஏழாம் எண், வலது ஓரம் வழியாக, கோல் நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறார். இடையில் எங்கும் நிற்காது."

அப்புறம் பார்க்க வேண்டுமே, கொல்லென்று ஒரு சிரிப்பு! நீலச்சட்டை வழுக்கி விழுந்தார். "ஏழாம் எண் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. மாற்று ஏற்பாடு செய்யப்படும்," என்றேன். லீக் அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் தபால்காரர் கோல் போட்டபோது, "தபால் உரியவரிடம் சேர்க்கப்பட்டது," என்றேன். கூட்டம் துண்டைச் சுழற்றிக் கத்திய கத்தலில் கூண்டுக் கண்ணாடி அதிர்ந்தது. பஸ் நிலையத்தில் இத்தனை வருஷம் பேசினேனே, ஒருத்தர் கை தட்டியிருப்பாரா? பஸ் வந்தால் பஸ்ஸைப் பார்ப்பார்கள், வராவிட்டால் என்னைத் திட்டுவார்கள். அன்றைக்கு எனக்காகத் தட்டினார்கள். சொல்வதற்கு என்ன வெட்கம், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களை விட்டுடக் கூடாதும்மா," என்றார் அதிகாரி. "கூட்டம் கடைசி வரைக்கும் இப்படியே உக்காந்திருந்தா, என் வேலை சுலபம். டீம் உங்களுக்குத்தான்."

இரண்டு டீமும் ஆளுக்கு இரண்டு கோல். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அப்போதுதான் மேஜை மேல் என் போன் துடித்தது. வீட்டுக்காரர்.

"வெளியில நிக்கறேன்," என்றார். "ஊருக்குத் திரும்பற கடைசி வண்டிங்க எல்லாம் இங்க வரிசையா நிக்குது. இன்னும் பத்து நிமிஷத்துல எடுக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "திரும்பப் போறதுக்கு ஸ்பெஷல் பஸ் இல்லையா?"

"வர்றதுக்குத்தான் விட்டாங்க. போறதுக்கு யாரும் சொல்லல."

ஓடிப்போய்க் கூண்டுக்கு வெளியே நின்ற சிமெண்டுக்காரரிடம் கேட்டேன். அவர் மேயரைப் பார்த்தார். மேயர் துணை மேயரைப் பார்த்தார். துணை மேயர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் ஆட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தை எப்படிக் கொண்டு வருவது என்று மூன்று மாதம் கூடிக் கூடிப் பேசியவர்களுக்கு, வந்த கூட்டத்துக்கு வீடு வாசல் உண்டு என்பது தோன்றவில்லை. காரில் வந்தவர்களுக்கு அது தோன்றவும் தோன்றாது.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க," என்று சிமெண்டுக்காரர் பல்லைக் கடித்தார். "ஆட்டம் முடியட்டும். ஜனங்க எப்படியாவது போய்க்குவாங்க."

"எப்படி சார் போவாங்க? சூளை ரோட்டுல ஒரு விளக்குகூட இல்லையே! சின்னப் புள்ளைங்க இருக்கு."

"ஊரு நல்லதுக்காக ஒரு நாள் நடந்தா குறைஞ்சா போயிடுவாங்க?"

உள்ளே வந்து மறுபடி போனை எடுத்தேன். "கொஞ்சம் இருங்களேன்," என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். "ஒரு கால் மணி நேரம். எனக்காக."

"வழில ஆஸ்பத்திரி வாசல்ல நர்ஸுங்க நிப்பாங்க. இந்த வண்டிதான் அவங்களுக்கும். அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"என் வேலை போயிடும்ங்க. இது கிடைச்சா காலம் பூரா எனக்கு மைக் இருக்கும்."

"தெரியும்," என்றார். "நீ சொன்னா ஏத்திக்கறேன். சொல்லலன்னா காலி வண்டியை எடுத்துட்டுப் போறேன். உன் இஷ்டம்."

அந்தச் சமயம் பார்த்து ரெஃப்ரி விசிலை ஊதினார். எங்கள் ஊருக்கு பெனால்டி. மைதானமே எழுந்து நின்றது. தபால்காரர் பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தார். போட்டால் ஊருக்கு வெற்றி, அதிகாரிக்குத் திருப்தி, எனக்கு மைக். கீழே என் நாத்தனார் தூங்கிவிட்ட சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்தபடி எட்டி எட்டிப் பார்த்தாள். இவள் நடந்தே போகட்டும், அப்போதாவது வாய்க்கொழுப்பு அடங்கும் என்று நினைத்தேன். நான் ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அந்தப் பிள்ளை என்ன செய்தது? கைத்தடி பிடித்து வந்தவர் அந்த இருட்டில் எத்தனை தூரம் போவார்? என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கடைசி பஸ்ஸை நான் சொல்லாமல் விட்டதில்லை. காய்ச்சலில் சொல்லியிருக்கிறேன். என் அப்பா போன செய்தி வந்த அன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். மைக்கைப் பிடித்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன் என்று நன்றாகத் தெரிந்தே பிடித்தேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இன்றைய கடைசி பஸ்கள் மைதானத்தின் வெளிவாசலிலிருந்து இன்னும் சில நிமிடங்களில் புறப்படும். இதற்குப் பிறகு பஸ் இல்லை. மீண்டும் சொல்கிறேன். இதற்குப் பிறகு பஸ் இல்லை."

இன்னொருத்தர் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள். இது பஸ் நிலையத்துக் குரல். இந்தக் குரல் கடைசி பஸ் என்றால் ஓட வேண்டும் என்று இந்த ஊரின் காலுக்குத் தெரியும். ரசிகர்கள் ஒரே நொடியில் பயணிகளாகிவிட்டார்கள். துண்டு பறந்தது, செருப்பு பறந்தது, "டேய், தங்கச்சி கையைப் பிடிடா" என்று நாலாபக்கமும் சத்தம். தபால்காரர் ஓடிவந்து உதைக்கப் போனவர், நிமிர்ந்து பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். அவருடைய மனைவியும் அந்த ஓட்டத்தில் இருந்தாளாம்.

அவர் ஒருவழியாக உதைத்தார். கோல்தான். நாங்கள் ஜெயித்துவிட்டோம். கை தட்டியது மேயர், துணை மேயர், பேராசிரியர், அப்புறம் பாதி முடி வெட்டிய அந்த ஆள். அவர் பக்கத்துச் சூளையில்தான் குடியிருக்கிறார்.

லீக் அதிகாரி காலி இருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்த மனிதர், பாவம், கோலைக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுத்திருக்கலாமேம்மா," என்றார்.

"பஸ் பொறுக்காதுங்க," என்றேன். குரல் உடைந்துவிட்டது. மைக்கை அணைத்துவிட்டுத்தான் அழுதேன், அந்த மட்டும் புத்தி இருந்தது.

பதினைந்து நாளில் லீக்கின் பதில் வந்தது. இந்த நகரத்தில் ரசிகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீடு திரும்ப வழி இல்லை, வழி வந்த பிறகு விண்ணப்பிக்கவும் என்று இருந்ததாம். சரி, ரோட்டில் விளக்குப் போடலாம், ராத்திரிக்கு இரண்டு பஸ் கூட்டலாம் என்று யாராவது கிளம்பினார்களா? அதெப்படி? யாரால் போயிற்று என்றல்லவா முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஊருக்கு வந்த டீமை ஒரு பொம்பளை வாயாலேயே துரத்திவிட்டாள் என்று சிமெண்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொன்னார். அன்று பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தவர்களும் "ஆமாமா, இன்னும் ரெண்டு நிமிஷம்தானே" என்று தலையாட்டினார்கள். என் நாத்தனார் மட்டும் வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் என் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்து வைத்துவிட்டுப் போனாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

மெஷின் வந்தது. நான் மூலைக்குப் போனேன். மைதானத்திலும் பஸ்ஸிலும் விட்டுப்போன கழுத்துத் துண்டுகள் அந்த அறையில் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. வராத டீமின் சொத்துக்குக் காவல் நான்தான்.

போன வாரம் சிமெண்டுக்காரரே ஜன்னலுக்கு வந்து நின்றார். கார் பழுதாம், பஸ்ஸுக்கு வந்தாராம். வந்ததுதான் வந்தோம், துண்டுகளையாவது வாங்கிக்கொண்டு போகலாம், மூட்டை துடைக்க ஆகும் என்று நினைத்தாராம்.

"அடையாளம் சொல்லுங்க," என்றேன்.

"என்னம்மா விளையாடறீங்களா? என் பேரே அதுல இருக்கு!" என்று ஆரம்பித்தவர், அந்தப் பெனால்டி, என் வாய், ஊரின் மானம் என்று ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த மனிதர் எடுத்தால் முடிக்கத் தெரியாதவர். மேலே மெஷின் தேன் ஒழுகக் கடைசி பஸ்ஸைச் சொன்னது. பற்பசை விளம்பரம் போல ஒரு குரல். ஒருத்தரும் தலை தூக்கவில்லை. அவர் காதில் விழவே இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் வண்டியை எடுப்பது தெரிந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஊர் நல்லதுக்காக ஒரு நாள் நடந்தால் குறைந்தா போய்விடுவார்? அந்த வாக்கியத்தை எத்தனை நாள் மனசுக்குள் வைத்து மென்றிருப்பேன்! சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"கடைசி பஸ்! கடைசி பஸ் போகுது, ஓடுங்க!"

ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினேன். அவர் பேச்சை அப்படியே போட்டுவிட்டு வேட்டையில் துரத்தின முயல் மாதிரி ஓடினார். அக்கம்பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பஸ் நின்று அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்காரர் வந்ததும் தட்டு வைக்கிறதற்கு முன்னாலேயே கேட்டேன். "என் குரல் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "மூணாவது நடைமேடை வரைக்கும் கேட்டுச்சு. ஏழாவதுல ஒரு அம்மா குழந்தையோட பஸ்ஸுக்காக நின்னுட்டிருந்தாங்க. அவங்க திரும்பவே இல்ல. கண்ணாடியில பாத்தேன், அதுக்குள்ள ரோட்டுக்கு வந்துட்டேன்."

நான் சோற்றைப் போட்டேன். இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.